திருப்பிச் சொல்லுங்க

எனக்கு அந்தக் கம்பெனியில வேலை கிடையாது. அவங்க காகிதம் எதுலயும் என் பேரு கிடையாது. ஆனா மூணு வெள்ளிக்கிழமை, காலையில பத்தரையிலிருந்து பன்னெண்டு வரைக்கும், என் வீட்டு முன்னறையில என் தையல் மெஷினை நான் நிறுத்தி வெச்சேன். அதுவும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல. ஒரு பக்கம் சீருடைத் துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு, இன்னொரு பக்கம் நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கேட்டா, கூட்டமாம். "கூட்டம்னா ஆளு வரணுமில்ல, எங்கேடி ஆளு?"ன்னு கேட்டேன். மேல்வீட்டுக்காரி போனைக் காட்டினா. "இதுக்குள்ள வருவாங்கக்கா."

மாடியில ஒன்பது வருஷமாக் குடியிருக்காங்க. மேல்வீட்டுக்காரிக்கு ஊர் ஓரத்துல இருக்கிற பெரிய சலவை ஆலையில, வெளுக்கிற பிரிவுல வேலை. ஆஸ்பத்திரிப் போர்வை, விரிப்பு, ஆபரேஷன் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கும். அவ புருஷன் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டறாரு. அழுக்கு மூட்டையை ஏத்திக்கிட்டு வருவாரு, வெளுத்ததைக் கொண்டு போய்க் குடுப்பாரு. அவரோட தங்கச்சி, நாங்க 'சின்னவ'ன்னு கூப்பிடுவோம், அவளும் அங்கேதான், உருளைப் பிரிவுல. கட்டினவனோட ஒத்துவரலைன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பையோட அண்ணன் வீட்டுக்கு வந்தவ. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன ஆகும்னு தெருவே வேடிக்கை பாக்கக் காத்திருந்துச்சு. ஒண்ணும் ஆகலை. ரெண்டும் சேர்ந்துக்கிட்டு அந்த மனுஷனைத்தான் படுத்துதுங்க.

உருளைப் பிரிவுன்னா என்னன்னு சின்னவ எனக்குச் சொல்லியிருக்கா. பிழிஞ்ச விரிப்பு ஈரத்தோட வரும். ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு, உதறி, சுருக்கம் இல்லாம சூடான உருளைக்குள்ள விடணும். அந்தப் பக்கம் ரெண்டு பேரு வாங்கி மடிப்பாங்க. நிமிஷத்துக்கு நாலு விரிப்பு. நீராவியில கையில ஒரு முடி கூட மிஞ்சாது, விரல் நுனியெல்லாம் வழவழன்னு ஆயிடும். முப்பத்தாறு பேரு அந்தப் பிரிவுல. முப்பத்தஞ்சு பொம்பளைங்க, ஒரு ஆம்பளை. அவரும் பொம்பளைங்க மாதிரியே வேலை செய்வாருன்னு சின்னவ சொல்லுவா. அதுக்கு அவங்க அகராதியில பாராட்டுன்னு அர்த்தம்.

அங்கே ஒரு பழக்கம். ஷிஃப்ட் மாறும்போது, போறவ விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிட முடியாது. வர்றவ அதைத் திருப்பிச் சொல்லணும். "ரெண்டாவது உருளை சூடு ஜாஸ்தி, இடது ஓரம் இழுக்குது, ஆபரேஷன் துணி நாலு பை பாக்கி." இதை வர்றவ அப்படியே சொன்னாத்தான் போறவ இடத்தை விட்டு நகருவா. தப்பாச் சொன்னா மறுபடியும். அந்த இரைச்சல்ல தலையை ஆட்டறது, ம்ம் கொட்டறது எதுவும் எடுபடாது. ஒருத்தி வெறும் தலையை ஆட்டிட்டு நின்னு கை வெந்துபோனதுக்கு அப்புறம் அவங்களா ஏற்படுத்திக்கிட்டது. கம்பெனி சொல்லிக் குடுத்ததில்லை. இந்த வியாதி வீட்டுக்கும் வந்துடுச்சு. எங்கிட்டத் துணி குடுத்தாலும், "அக்கா, சட்டை, வியாழக்கிழமை, கையில ரெண்டு இஞ்ச் விட்டுத் தைக்கணும், திருப்பிச் சொல்லுங்க"ம்பா மேல்வீட்டுக்காரி. "ஏண்டி, முப்பது வருஷமாத் தைக்கிறேன், எனக்கே பாடமா?"ன்னு எரிஞ்சு விழுவேன். "திருப்பிச் சொல்லுங்கக்கா." சொல்லித் தொலைப்பேன்.

மழை பிடிச்ச வாரத்துலதான் அந்தச் சேதி வந்துச்சு. உருளைப் பிரிவை மூடப் போறாங்க. துணியை ஈரத்தோடவே நாலு மணி நேரம் தள்ளியிருக்கிற பெரிய ஆலைக்கு அனுப்பி அங்கே தேய்ச்சுக்கப் போறாங்க. முப்பத்தாறு பேரு அங்கே போகலாம், இல்லைன்னா வீட்டுக்குப் போகலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? முடிவெடுக்கறதுக்கு முன்னாடி, ஆளுங்க கைதூக்கித் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோட கலந்து பேசணும். முப்பது நாள், மூணு கூட்டம். அவங்க சொல்றதைக் கேக்கணும், யோசிக்கணும், பதில் சொல்லணும். பேசி முடிச்சாச்சுன்னு ரெண்டு தரப்பும் எழுதிக் குடுத்து அது தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாத்தான் மூட முடியும். பிரதிநிதிங்க ரெண்டு பேரு. ஒருத்தர் பாய்லர்காரர், அறுபதை நெருங்கினவர், பாய்லர் பக்கத்துலயே நின்னு நின்னு காது பாதி போனவர். இன்னொருத்தி மேல்வீட்டுக்காரி.

முன்னாடியெல்லாம் இந்த மாதிரி பேச்சு ஆலை கேன்டீன்லதான் நடக்குமாம். இப்போ தலைமை அலுவலகம் எங்கேயோ இருக்கு, எல்லாம் போன்லயே. அவங்க வீட்டுல நெட் இணைப்பு கிடையாது. எங்கிட்ட இருந்துச்சு, என் மவன் வெளியூர்லேருந்து பேசறதுக்குப் போட்டுக் குடுத்தது. அது முன்னறையை விட்டு மாடிப்படி வரைக்கும் கூட வராது. அப்படித்தான் என் பொழைப்புல மண் விழுந்துச்சு.

முதல் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு விதிப் பட்டியல் அனுப்பியிருந்தாங்க. அமைதியான அறையில இருக்கணும், வேற யாரும் கூட இருக்கக் கூடாது. "அப்போ நான் எங்கேடி போறது, மழையில நிக்கவா?"ன்னேன். "நான் சொல்லிடறேன் அக்கா"ன்னா. சொன்னா, என் காதால கேட்டேன். "மேடம், நான் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா வீட்டுல இருக்கேன், அக்காவும் இங்கேதான் இருக்காங்க, பரவாயில்லையா?" எச்.ஆர். அம்மா, நல்ல கண்ணாடி போட்ட அம்மா, "ஓகே ஓகே, எல்லாரும் மியூட் பண்ணிக்குங்க, எதிரொலி வருது"ன்னாங்க. முடிஞ்சுது.

அப்புறம் அம்பது நிமிஷம் அந்த அம்மாவே பேசினாங்க. படம் படமா வந்துச்சு, அம்புக்குறி, வட்டம், கட்டம். டைரக்டர்னு ஒருத்தர் இருந்தாரு. இருந்தாருன்னுதான் சொன்னாங்க, நான் பாத்தது கறுப்புக் கட்டம். பாய்லர்காரர் போனை எப்படிப் பிடிச்சாரோ, கூட்டம் முழுக்க அவரோட ஒரு காது மட்டும் தெரிஞ்சுது. இவளுக்கு வாயைத் திறக்க வழியில்லை, அவங்களே அமுக்கி வெச்சிருந்தாங்க. கேள்வி இருந்தா எழுதிப் போடுங்கன்னாங்க. இவ ஒத்தை விரலால எழுத்து எழுத்தாக் குத்திக்கிட்டிருந்தா. பாதி வாக்கியம் முடியறதுக்குள்ள "நேரமாச்சு, எல்லாருக்கும் நன்றி"ன்னுட்டாங்க.

திங்கக்கிழமை கூட்டக் குறிப்பு வந்துச்சு. படியில நின்னுக்கிட்டே எனக்குப் படிச்சுக் காட்டினா. 'பிரதிநிதிகள் தரப்பில் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை.'

"வாயைப் பொத்திட்டு, பேசலைன்னு எழுதியிருக்காங்கக்கா."

"பெரிய இடம்னா அப்படித்தாண்டி. நமக்கு எதுக்கு"ன்னேன். இன்னைக்கும் அப்படிச் சொன்னதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு.

அடுத்த பத்து நாள் அவ ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா. டீ நேரத்துல, கைகழுவற இடத்துல, பஸ்ல. முப்பத்தாறு பேருகிட்டயும் கேட்டு எழுதினா. சாயங்காலம் ரொட்டியும் அவிச்ச முட்டையும் தட்டுல வெச்சுக்கிட்டு என் மெஷின் பக்கத்துலயே உக்காந்து, வாயில அடைச்சுக்கிட்டே படிச்சுக் காட்டுவா. நான் ஓரம் மடிச்சுக்கிட்டே கேப்பேன்.

"நீட்டாதே. இவ்வளவு பெருசாச் சொன்னா எவன் கேப்பான்? சட்டைக்குத் துணி வெட்டற மாதிரி வெட்டு."

"எல்லாமே முக்கியமா இருக்கேக்கா."

"முக்கியம்தான். ஒன்பதாக் கொண்டு வா."

ஒன்பதாக் கொண்டு வந்தோம். வந்தோம்னு சொல்றேன் பாருங்க, எனக்கு என்ன வந்துச்சுன்னு.

ரெண்டாவது கூட்டத்துல, "என்னைப் பேச விடலைன்னா விடலைன்னு எழுதி தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்புவேன்"னு முன்கூட்டியே சொல்லி வெச்சா. விட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து மழை என் வாசல் தகரக் கூரையில போட்டுத் தாளிச்சுது. இவ தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக் கத்தி ஒன்பதையும் படிச்சா. இருபத்திரெண்டு நிமிஷம். அந்தப் பக்கம் ரெண்டு கறுப்புக் கட்டம். எச்.ஆர். அம்மாவும் முகத்தை அணைச்சுட்டாங்க. ஆனா யாரோ ஒருத்தர் வாயை அமுக்க மறந்துட்டாரு. மொறு மொறுன்னு சத்தம் வந்துச்சு. ஏதோ கொறிக்கிறாரு. யாரால அந்த ஊருக்குக் குடி மாத்த முடியாது, ஏன் முடியாதுன்னு இவ சொல்லிக்கிட்டிருக்கா, மொறு மொறு. டயாலிசிஸ் போறவ ஒருத்தியைப் பத்திச் சொல்றா, மொறு மொறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கத்தரிக்கோலைத் தூக்கி அந்தப் போன் மேலயே போட்டிருப்பேன்.

"மிக்க நன்றி, எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டோம்"னாங்க கடைசியில. அடுத்த நாள் ஒரு படிவம் வந்துச்சு. 'பிரதிநிதிகளின் கருத்துகள் முழுமையாகக் கேட்டுப் பரிசீலிக்கப்பட்டன. கலந்தாய்வு நிறைவுற்றது.' கீழே கையெழுத்துப் போட ஒரு பொத்தான். மூணாவது கூட்டம் முடியறதுக்குள்ள அமுக்கணுமாம்.

புதன்கிழமை மத்தியானம் வேன்காரர் எங்கிட்ட வந்தாரு. அந்த மனுஷன் என் வாசல்ல செருப்பைக் கழட்டினாலே ஏதோ விஷயம்னு அர்த்தம்.

"அக்கா, நீங்க சொன்னா அவ கேப்பா."

"என்ன சொல்லணும்?"

"அந்தப் பொத்தானை அமுக்கச் சொல்லுங்க."

எச்.ஆர். அம்மா இவருக்குத் தனியாப் போன் பண்ணியிருக்காங்க. உங்க சம்சாரம் இழுத்தடிக்காம கையெழுத்துப் போட்டா, உங்க தங்கச்சிக்கு இங்கேயே, உருளைக்குப் போகாத துண்டு, சட்டையெல்லாம் மடிக்கிற மடிப்புப் பிரிவுல ஒரு இடம் இருக்கு. அந்த முப்பத்தாறு பேரு பட்டியல்லேருந்து பேரை எடுத்துடலாம். யாருகிட்டயும் சொல்ல வேணாம்.

"அவளுக்கு வேற யாருக்கா இருக்கா?"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. "நாலு வருஷம் ஆச்சு அவ திரும்பி மனுஷியா நிமிர்ந்து நின்னு. அந்த ஊருக்குப் போய்த் தனியா என்ன பண்ணுவா? வேலை போனா மறுபடி அவன்கிட்டயே போன்னு சொந்தமெல்லாம் கிளம்பி வரும். நான் அண்ணன்கா."

எனக்கு அவர் மேல கோபப்பட முடியலை. அந்தச் சமயம் பாத்து மேல்வீட்டுக்காரி வந்தா. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வாசல்லயே நின்னுட்டா.

"இங்கே வந்து முறையிடறீங்களா?"

"உனக்குத்தான் காது கேக்கலையே."

"கேட்டுச்சு. திங்கக்கிழமை சொன்னீங்க, நேத்து சொன்னீங்க. முப்பத்தஞ்சு பேரை வித்து ஒருத்தியை வாங்கணும், அதானே?"

"பேச்சைப் பாரு! நீ கையெழுத்துப் போட்டாலும் மூடத்தான் போறாங்க, போடலைன்னாலும் மூடத்தான் போறாங்க. உன் ஒன்பது விஷயத்தை எவன் கேட்டான்? நடக்கப் போறது நடக்கட்டும், நம்ம பிள்ளையை மட்டுமாவது இழுத்துக்குவோம்கறேன். இதுல என்ன பாவம்?"

"அவ எனக்கும்தான் பிள்ளை மாதிரி. ராத்திரி பகல்னு இல்லாம அதையேதான் யோசிக்கிறேன். எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா?"ன்னு கத்தினவ, சட்டுன்னு குரல் உடைஞ்சு, துணி மூட்டை மேலயே உக்காந்துட்டா. "போட்டுடலாமான்னு கூட நெனைச்சேங்க. உண்மையைச் சொல்றேன். நேத்து விரலைக் கொண்டு போயிட்டேன்."

அப்போதான் பாத்தோம், சின்னவ படியில நின்னுக்கிட்டிருக்கா. காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவ, எவ்வளவு நேரமா நின்னாளோ.

"எந்தப் பட்டியல்லேருந்து என் பேரை எடுக்கறாங்கண்ணா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"எனக்கு எதிர்ல உருளையில துணி விடறாளே, அவளுக்கு மூணு குழந்தைங்க. நான் ஒரு முனையைப் பிடிச்சா அவ ஒரு முனை. அவ அந்த ஊருக்குப் போகணும், நான் இங்கேயே மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"என் நல்லதுன்னு சொல்லித்தாண்ணா முன்னாடியும் ஒரு தடவை எனக்குத் தெரியாமப் பேசி முடிச்சீங்க. அது எப்படி முடிஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும்." அழுவாளோன்னு பாத்தேன். அழலை. அவளுக்குக் கோபத்துல முகம் ஜிவுஜிவுன்னு இருந்துச்சு. "அண்ணி, நீங்க எனக்காக அந்தப் பொத்தானை அமுக்கினீங்க, நானே ஆலை வாசல்ல நின்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். அப்புறம் உங்களோட ஒரு வேளை சோறு திங்க மாட்டேன்."

"எம்மாடி, மிரட்டறியே"ன்னா மேல்வீட்டுக்காரி. அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு அவளுக்கு. வேன்காரர் எழுந்து செருப்பை மாட்டினாரு. "ரெண்டும் சேர்ந்து என்னமோ பண்ணுங்க. வேலை போனா எங்கிட்ட வராதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனவரு, சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சூடா ரொட்டி வாங்கிக்கிட்டு வந்தாரு. அவரு கோபம் அவ்வளவுதான் தாங்கும்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. இந்தத் தடவை மழை இல்லை, புழுக்கம். இவ தலையை வாரி, நான் தைச்சுக் குடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தா. நோட்டு மடியில. நான் மூலையில என் ஸ்டூல்ல உக்காந்து பொத்தான் தைச்சுக்கிட்டிருந்தேன், அதுக்குச் சத்தம் வராதே. போன்ல பாய்லர்காரரோட காது வந்துச்சு. எச்.ஆர். அம்மா வந்தாங்க. இன்னைக்கு டைரக்டரும் முகத்தைக் காட்டினாரு, கையெழுத்து வாங்கற நாளாச்சே. வழுவழுன்னு ஷேவ் பண்ணின முகம், பின்னாடி கண்ணாடிச் சுவரு.

"எல்லாம் பேசியாச்சு. படிவம் உங்க கையில இருக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம்"னாரு.

"முடிச்சுடலாம் சார்"னா இவ. நான் ஊசியை நிறுத்தினேன். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். எங்க ஆலையில ஷிஃப்ட் மாறும்போது, சொன்னதைத் திருப்பிச் சொல்லாம யாரும் இடத்தை விட்டு நகர மாட்டோம். முழுமையாக் கேட்டோம்னு இதுல எழுதியிருக்கீங்க. போன கூட்டத்துல நாங்க ஒன்பது விஷயம் சொன்னோம். அதைத் திருப்பிச் சொல்லுங்க. சொன்ன உடனே அமுக்கிடறேன்."

அவரு சிரிச்சாரு. "இது என்னம்மா, பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடத்துல தப்பாச் சொன்னா அடிதான் சார். எங்க இடத்துல தப்பாச் சொன்னா கை வெந்துடும். சொல்லுங்க."

"எல்லாம் பதிவாயிருக்கு. இப்போ கூடப் பதிவாயிக்கிட்டுதான் இருக்கு."

"மெஷின் கேட்டுச்சு சார். நீங்க கேட்டீங்களா?"

டைரக்டர் எச்.ஆர். அம்மாவைக் கூப்பிட்டாரு. அந்தம்மா காகிதத்தைப் புரட்டினாங்க. "போக்குவரத்துச் சிரமம்... அப்புறம்... குடும்பச் சூழ்நிலை... பொதுவா மூடறதை எதிர்க்கறாங்க."

"அது ஒண்ணரை விஷயம் மேடம். பாக்கி ஏழரை?"

"இதோ பாரும்மா," குரல் மாறிடுச்சு டைரக்டருக்கு. "இருபது நிமிஷம் சொன்னதை எந்த மனுஷனாலயும் அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது. நடக்கிற பேச்சைப் பேசு."

சத்தியமாச் சொல்றேன், நான் வாயைத் திறக்கணும்னு நெனைக்கலை. அந்த மொறு மொறு சத்தம்தான் என் காதுல வந்துச்சு. கையிலிருந்த சட்டையைப் போட்டுட்டு எழுந்தேன்.

"ஏன் முடியாது? நான் சொல்றேன், எண்ணிக்குங்க"ன்னேன். "ஒண்ணு, ரெண்டாவது உருளையில எட்டு மாசமா நீராவி கசியுது, எழுதிக் குடுத்தும் சரி பண்ணலை, அதனாலதான் வேலை மெதுவா நடக்குது, ஆளுங்களால இல்லை. ரெண்டு, ஈரத்துணியை நாலு மணி நேரம் வேன்ல வெச்சா புளிச்ச நாத்தம் எடுக்கும், மறுபடி வெளுக்கணும். மூணு, ஆபரேஷன் துணி அன்னைக்கன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும், அங்கே அனுப்பினா திரும்பாது. நாலு, சின்னக் குழந்தை உள்ளவங்க பதினோரு பேரு. அஞ்சு, டயாலிசிஸ் போற பொண்ணு ஒருத்தி, அந்த ஊர்ல அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கான்னு கூட யாரும் பாக்கலை. ஆறு, முப்பத்தாறு பேரை அனுப்பறதுக்குப் பதிலா எல்லாரும் வாரத்துல ஒரு ஷிஃப்ட் விட்டுக் குடுக்கத் தயார். ஏழு..."

"யாரு அது? அந்த ரூம்ல யாரு பேசறது?"

"இருங்க, இன்னும் மூணு பாக்கி. ஏழு, மடிப்புப் பிரிவுல ஆள் பத்தலை, அங்கே மாத்திப் பழக்கலாம். எட்டு, மூடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா இல்லையான்னு நேராச் சொல்லணும். ஒன்பது, யாரு போகணும், யாரு இருக்கணும்னு எதை வெச்சுப் பேரு போட்டீங்க, அதைக் காட்டணும். நான் கீழ்வீட்டுத் தையல்காரி. எனக்கும் உங்க ஆலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா உக்காந்திருந்த எனக்கே தெரியுது."

டைரக்டர் முகம் செவந்துபோச்சு. "வெளியாளா? ரகசியக் கூட்டத்துல வெளியாளா? மூணு கூட்டத்துலயும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க சார்"னா இவ. "முதல் கூட்டத்துலயே சொன்னேனே."

"சார், ஒரு நிமிஷம்..."னாங்க எச்.ஆர். அம்மா.

"நீங்க இருங்க! இது விதிமீறல். அப்போ இது கூட்டமே கிடையாது. மூணு கூட்டமும் செல்லாது! உங்க மேல நடவடிக்கை எடுப்பேன்."

என் வாய்க்கொழுப்பால இவ வேலைக்கே உலை வெச்சுட்டேனேன்னு நெனைச்சேன். ஆனா இவ முகத்தைப் பாக்கறேன், இவ அசையாம போனையே பாத்துக்கிட்டிருக்கா. மெதுவா நிமிர்ந்து உக்காந்தா.

"சார், நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன். தப்புன்னா திருத்துங்க. நடந்த மூணு கூட்டமும் செல்லாது. சரியா?"

"சார், அந்த அர்த்தத்துல வேணாம்..."னு அந்தம்மா பதறினாங்க.

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்! செல்லாதுன்னா செல்லாது!"

பாய்லர்காரரோட காது அசைஞ்சுது, முகம் வந்துச்சு. "என்னம்மா சொல்றாரு?"

"செல்லாதாம்ணே."

"எது?"

"மூணு கூட்டமும்."

"அப்போ நம்மளோட இன்னும் கலந்து பேசவே இல்லையா?"

"இல்லையாம்ணே. முதல்லேருந்து."

பாய்லர்காரர் பொக்கை வாயோட சிரிச்சாரு பாருங்க, அப்போதான் டைரக்டருக்கு உறைச்சுது. வாயைத் திறந்தாரு, மூடினாரு. அடுத்த நொடி எல்லாக் கட்டமும் மறைஞ்சுபோச்சு. எச்.ஆர். அம்மா அணைச்சுட்டாங்க.

பதிவாயிட்ட பேச்சை மாத்த முடியாதில்ல, திங்கக்கிழமை இவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு. வெளியாளை வெச்சுக்கிட்டு நடத்தியதால மூணு கூட்டமும் விதிக்குப் புறம்பானவை, இனி இப்படிச் செஞ்சா வேலை போகும்னு. மறுபேச்சே பேசாம வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏண்டி, முதல் நாளே சொன்னோமே! அவங்க சரின்னாங்களே! அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாமா?"

"எதுக்குக்கா சண்டை? இந்தக் கடிதம் செல்லும்னா கூட்டம் செல்லாது. அதை அவங்களே அடிச்சு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. இனிமே பேசி முடிச்சாச்சுன்னு எந்த மூஞ்சியோட எழுதுவாங்க?" அன்னைக்கு மத்தியானமே அதோட ஒரு நகலைத் தொழிலாளர் அலுவலகத்துல நேர்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தா. அவ வேலைக்குச் சேர்ந்து வாங்கின முதல் எச்சரிக்கை அது. அதைப் பத்திரமா வெச்சிருக்கற அழகைப் பாத்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

பத்து நாள்ல பதில் வந்துச்சு. கலந்தாய்வைப் புதுசா ஆரம்பிக்கணும், முப்பது நாள் முதல்லேருந்து எண்ணணும். இந்தத் தடவை நேர்ல, ஆலைக்குள்ளயே. வெளியாளுக்கு அனுமதி இல்லைன்னு தனியா ஒரு வரி. அது எனக்காகத்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

பாய்லர்காரர் விலகிக்கிட்டாரு. "நேர்ல உக்காந்தா என் காது காட்டிக் குடுத்துடும். உருளைக்காரங்க பிரச்சினைக்கு உருளைக்காரியே உக்காரட்டும்"னாரு. கைதூக்கச் சொன்னாங்க. முப்பத்தஞ்சு கையும் சின்னவளுக்குத் தூக்குச்சு. அன்னைக்கு வீட்டுல அவ அண்ணன்கிட்டப் போய், போனைக் குடுங்கன்னு கேட்டா. அந்த எச்.ஆர். அம்மா கூப்பிட்ட நாளு, நேரம், எல்லாம் அதுல இருக்கில்ல. "என் வேனையும் பிடுங்கிடுவாங்கம்மா"ன்னாரு. அவ கையை நீட்டினபடியே நின்னா. கடைசியில போனைக் குடுத்துட்டு, மாடிப்படியில போய் உக்காந்துக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மேல்வீட்டுக்காரியும் பக்கத்துல போய் உக்காந்தா.

நேர்ல நடந்த முதல் கூட்டத்துக்கு நான் போக முடியலை, மேல்வீட்டுக்காரிதான் வந்து சொன்னா. கேன்டீன்ல நீளமா ஒரு மேசை. அந்தப் பக்கம் டைரக்டரும் எச்.ஆர். அம்மாவும், இந்தப் பக்கம் இவங்க ரெண்டு பேரும். கதவைத் திறந்தே வெச்சிருந்தாங்களாம், உருளைச் சத்தம் உள்ள வர்ற மாதிரி. எச்.ஆர். அம்மா புது நோட்டைப் பிரிச்சு, முதல் விஷயமா என்ன எழுதட்டும்னு கேட்டாங்களாம்.

"எங்கண்ணனுக்கு நீங்க போன் பண்ணினீங்களே, அதை எழுதுங்க"ன்னிருக்கா சின்னவ. தேதி, நேரம், என்ன சொன்னீங்கங்கறது எல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லியிருக்கா.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "அது தனிப்பட்ட பேச்சு"ன்னாங்களாம்.

"பேரு என்னுது. என் பேரை வெச்சுப் பேசினதுல எனக்குத் தெரியாம என்ன தனி?"ன்னு கேட்டுட்டு, அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒண்ணுன்னு போட்டு அவளே எழுத ஆரம்பிச்சுட்டாளாம்.

அப்புறம் டைரக்டர் குனிஞ்சு, தணிஞ்ச குரல்ல, "இதெல்லாம் எதுக்கும்மா? உனக்கு மடிப்புல அந்த இடம் வேணுமா, வேணாமா?"ன்னாராம்.

சின்னவ எழுதறதை நிறுத்தவே இல்லையாம். "அதையும்தான் சார் எழுதிக்கிட்டிருக்கேன்"னாளாம்.